அரைப்புள்ளி

கோயிலுக்குப் புள்ளி வரி கட்டப் போயிருந்தேன்.
பேரேட்டில் விரலை நகர்த்திக்கொண்டே வந்த
கணக்குப்பிள்ளை
அவர் பெயரில் நின்றார்.
தொண்டையைச் செருமினார்.
"ஆச்சி, இந்த வருசத்துலேர்ந்து அரைப்புள்ளி."

நீட்டிய பணத்தில் பாதியை
மேசைமேல் திருப்பி வைத்தார்.
முறைதான். தெரிந்ததுதான்.
கல்யாணமானால் ஒரு புள்ளி,
இருவரில் ஒருவர் போனால் அரை.
என் மாமியாருக்கும் அப்படித்தான் எழுதினார்கள்.
அன்றைக்குக் கூடப் போனவள் நான்தான்.
மீதியை எண்ணி வாங்கினேன்.
எண்ணும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தேனா,
நினைவில்லை.

என் மீதியைக் கைப்பையில் தனியாக வைத்தேன்,
மற்றதோடு கலந்துவிடாமல்.

தேவகோட்டைப் பேருந்து நிலையத்தில்
ஒரு டீ குடித்தேன்.
இருபத்தாறு வருசம் காபிக்காரி நான்.
அவருக்குக் காபி, அதனால் எனக்கும் காபி,
இரண்டு பாத்திரம் எதற்கு என்று.
டீ நன்றாயிருந்தது.
நன்றாயிருந்தது என்பதை
யாரிடமும் சொல்ல முடியாமலும் இருந்தது.
இன்னொன்று வாங்கினேன்.

*

தாலுகா அலுவலகத்தில், வாரிசுச் சான்றிதழுக்கு,
"இறந்தவர் பேரு?" என்றது சன்னல்.
எழுதிக் காட்டினேன்.
"வாயால சொல்லுங்கம்மா."
சொன்னேன்.
"கேக்கல, சத்தமா."
சாத்தப்பன்.
இருந்தவரை ஒருநாளும் கூப்பிடாத பெயரை
வரிசை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டேன்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாத்தப்பனுக்குக் குளிர் ஆகாது.
எங்கள் அறை மின்விசிறி எப்போதும் இரண்டில்தான்.
அக்கினி வெயிலிலும் இரண்டு.
தலையணை நனைய நனையப் படுத்துக் கிடப்பேன்,
வெறும் வேர்வைதான்.
காரியம் முடிந்து எல்லாரும் ஊர் திரும்பிய இரவு
ஐந்தில் வைத்தேன்.
என்ன காற்று!
உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடி
நெஞ்சுக்குழிக்கு வந்ததும் நின்றது.
எழுந்துபோய் இரண்டில் வைத்தேன்.

நல்லவர். அதுதான் சிக்கல்.
கெட்டவராக இருந்திருந்தால்
காற்று வெறும் காற்றாக இருந்திருக்கும்.

பெங்களூரிலிருந்து உமையாள்
தினம் ஒன்பது மணிக்குக் கேட்பாள்,
"சாப்பிட்டியாம்மா? தூங்குறியா?"
"ம்."
எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ம்.

*

ஏழாம் வகுப்பு, இலக்கணத் தேர்வு.
அரைப்புள்ளி எப்போது இட வேண்டும்?
முப்பத்தொன்பது தாளிலும் புத்தகத்து வரி,
அச்சு மாறாமல்.
நாற்பதாவது, ரம்சியா பானு:
"அரைப்புள்ளி வச்சா அடுத்தத
எழுதியே ஆகணும் டீச்சர்.
எனக்கு அடுத்தது வராது.
அதனால நான் வைக்க மாட்டேன்."

சிவப்புப் பேனாவை மூடிவைத்துச் சிரித்தேன்.
நிற்கவில்லை.
எந்த இடத்தில் அது வேறொன்றாக மாறியது என்று
எனக்கே தெரியவில்லை.
இத்தனை பெரிய வளவில் எங்கள் பங்கு
ஓர் இரட்டை வீடுதான்.
எதிர்ப்பங்கு கொழுந்தனாருடையது, பூட்டு.
அதற்கடுத்தது சிங்கப்பூர்க்காரர்கள், பூட்டு.
கேட்க ஆளில்லை என்பதை
முதல்முறையாக ஒரு வசதியாக நினைத்தேன்.
வாய்விட்டு, அசிங்கமாக, மூக்கொழுக அழுதேன்.
பதினோரு மாதமாகத் தொலைபேசிக்குள் நுழையாத சத்தம்.
இரண்டு புறா பயந்து பறந்தன.

பிறகு முகம் கழுவிவிட்டு வந்து
அவளுக்கு அரை மதிப்பெண் போட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து அதை அடித்துவிட்டு
முழுசாகப் போட்டேன்.

*

எனக்கும் அடுத்தது வரவில்லைதான்.

மீதிப் பணம் பையில் அப்படியே இருக்கிறது.
கோயிலுக்கு வேண்டாததாம் அது.
அவருடையதும் இல்லை இனி.
உமையாளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.
கடைத்தெருவில் நடக்கும்போது
உனக்கு என்ன வேணும் என்று
என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.
புதிதாக வந்த மருமகள்போல
அவள் ஒன்றும் சொல்வதில்லை.
சொல்லும்போது சொல்லட்டும்.

நேற்றிரவு மின்விசிறியை நாலில் வைத்தேன்;
அவருடைய சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.